பிதுக்கம்பருப்புக் குழம்பு நாலு தடவை வெச்சுட்டேன், அம்மா வெச்ச மாதிரி வரல

கம்பைநல்லூரான் | 5 ஜனவரி, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். இதைச் சமையல் பகுதியில போடறதா ஊர்க்கதைப் பகுதியில போடறதான்னு தெரியல. இங்கயே போடறேன், தப்பா இருந்தா நெறியாளர் நகர்த்திக்கட்டும்.

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் பக்கம் எங்க ஊர். பொழப்புக்குப் பெங்களூர் வந்து பதினாலு வருஷம் ஆச்சு. மார்கழி பொறந்தா எங்க வீட்ல பிதுக்கம்பருப்புக் குழம்புதான், அதாவது அவரைக்கொட்டையை ஊற வெச்சுத் தோல் போகப் பிதுக்கி எடுத்த பருப்புல வெக்கிற குழம்பு. ஆயா இருந்தவரைக்கும் ஆயா வெச்சாங்க, அதுக்கப்புறம் அம்மா. போன ஆவணியில அம்மா தவறிட்டாங்க. இந்த வருஷம் பண்டிகை கிடையாது, பொங்கலுக்கு ஊருக்கும் போகல. சரி, குழம்பாவது வெப்போம்னு ஆரம்பிச்சேன்.

அம்மா வெச்சதைப் பக்கத்துல நின்னு பார்த்தவன்தான் நான். வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, சோம்பு, பட்டை, லவங்கம், கசகசா, தேங்காய். எல்லாம் வதக்கி அரைச்சு, கத்திரிக்காயும் உருளைக்கெழங்கும் போட்டு, பருப்பு பாதி வெந்ததும் மசாலாவை ஊத்தணும். கொத்தமல்லித்தழை தாராளமா. எதையும் விடல. ஒரு தடவை மண்சட்டி கூட வாங்கி வெச்சுப் பார்த்தேன்.

குழம்பு நல்லாத்தான் இருக்கு. பசங்க சாப்பிடுறாங்க. ஓட்டல்ல இதே மாதிரி குடுத்தா இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிப்பேன். ஆனா அது இல்ல. முதல் வாய் வெச்ச உடனே தெரிஞ்சிடுது, அது இல்லன்னு.

என்ன விட்டுட்டேன்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

காவேரிப்பட்டணத்துக்காரி | 5 ஜனவரி, இரவு 10:15

தம்பி, முதல்ல அம்மா விஷயம் கேட்டு வருத்தமா இருக்கு.

இப்ப வரிசையா கேக்குறேன், மறைக்காம சொல்லணும். பருப்பு எங்க வாங்குனீங்க? காயா, கொட்டையா, பிதுக்குனதா? என்ன எண்ணெய்? குக்கரா? தேங்காயை வதக்கினீங்களா, பச்சையா அரைச்சீங்களா? தக்காளி நாட்டுத் தக்காளியா, பெங்களூர்ல விக்கிற கல்லு மாதிரி தக்காளியா?

கம்பைநல்லூரான் | 5 ஜனவரி, இரவு 10:31

எண்ணெய் கடலெண்ணெய். குக்கர் இல்லைங்க. தேங்காய் லேசா வதக்கி. தக்காளி கல்லு ரகம்தான், ஒத்துக்குறேன்.

பருப்பு பிதுக்குனதாவே வாங்கிட்டேன். இந்த சீசன்ல இங்க எல்லாக் கடையிலயும் கிடைக்குது. கன்னடத்துல ஹிதகித பேளேன்னு சொல்றாங்க. பாக்கெட்ல போட்டு விக்கிறாங்க, வாங்குனமா கழுவிப் போட்டமான்னு ஆயிடுது.

காவேரிப்பட்டணத்துக்காரி | 5 ஜனவரி, இரவு 10:34

பிடிச்சிட்டேன். அங்கதான் கோளாறு.

ஊத்தங்கரை_பஸ் | 5 ஜனவரி, இரவு 10:50

அக்கா டாக்டர் மாதிரி நாடி பிடிச்சிட்டாங்க 😀 ஃபீஸ் நாலு நிப்பட் (தட்டை மாதிரி இருக்குமே, அது) குடுத்துடுங்க தம்பி. அவங்க ஊர்லயே நல்லா கிடைக்கும், அதனால வெளியூர் நிப்பட் வாங்கிக்க மாட்டாங்க.

ஓசூரம்மா | 6 ஜனவரி, காலை 6:20

எங்க வீட்ல தெலுங்கு. எங்க அவ்வா பிதிகி பப்புன்னு சொல்லும். நீங்க பிதுக்கம்பருப்புங்கறீங்க, கன்னடத்துக்காரங்க ஹிதகித பேளேங்கறாங்க. ஓசூர்ல பொறந்தா மூணையும் ஒரே நாள்ல கேக்கலாம். மூணு பாஷையிலயும் அந்தப் பேர்ல இருக்கிறது அவரைக்கொட்டை இல்ல, பிதுக்குற வேலைதான். வேலையைக் கடைக்காரன் செஞ்சுட்டா அது வெறும் மொச்சைதானே?

சும்மா வார்த்தைக்குச் சொல்லல. காரணம் இருக்கு. அவரைக்காய்க்கு மேல ஒரு பிசுக்கு வாசனை இருக்கும். இங்க சொகடுன்னு சொல்வாங்க. பனி விழுந்த காய்க்குத்தான் அது வரும், அதனால மார்கழிக்கு முன்னாடி பறிச்ச காயை எங்க அவ்வா கையால கூடத் தொடாது. காயை உரிக்கிறப்ப கை பிசுபிசுன்னு ஆயிடும், சோப்பு போட்டாலும் ரெண்டு நாளைக்குப் போகாது. கொட்டையை ராத்திரி ஊற வெச்சு, காலையில கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல வெச்சு ஒரு அமுக்கு, பருப்பு துள்ளி வெளிய வரும். பிதுக்கி எத்தனை நேரம் ஆச்சோ தெரியாத பாக்கெட் பருப்புல வாசனை எங்க இருக்கும்? எல்லாம் தண்ணியில போயிருக்கும்.

மருமகள்_2009 | 6 ஜனவரி, பகல் 1:05

வாசனை வாசனைன்னு சொல்றீங்க. ரெண்டு படி கொட்டை பிதுக்கிப் பார்த்திருக்கீங்களா யாராவது? நகக்கண்ணு எரியும். அடுத்த நாள் துணி துவைக்க முடியாது.

கம்பைநல்லூரான் | 6 ஜனவரி, இரவு 8:12

ஓசூரம்மா சொன்னதைப் படிச்சதும் கையை மோந்து பார்த்துக்கிட்டேன், சிரிக்காதீங்க.

எங்க வீட்டுத் தாவாரத்துல பாய் விரிச்சு, நடுவுல அண்டா. ஆயா, அம்மா, ரெண்டு அத்தைங்க, பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நாங்க அஞ்சு பொடுசுங்க. நாங்க பிதுக்குறதை விட ஒருத்தர் மேல ஒருத்தர் பருப்பை விட்டு அடிச்சதுதான் அதிகம். ஆயா திட்டிக்கிட்டே இருப்பாங்க, ஆனா எழுந்து போன்னு சொன்னதே இல்ல. ஊர்ல யாருக்குக் கல்யாணம், யார் வீட்டு மாடு கன்னு போட்டுச்சு, எந்த மருமக கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போனா, எல்லாம் எனக்குத் தெரிஞ்சது அந்தப் பாயிலதான்.

நல்லம்பள்ளி_73 | 6 ஜனவரி, இரவு 10:48

படிச்சுட்டுப் பேசாம போகலாம்னுதான் பார்த்தேன். முடியல.

இந்த மாதிரி இழை எங்க ஆரம்பிச்சாலும் கடைசியில களியில வந்து நிக்கும். "அந்தக் காலத்துக் களி, கீரைக் கடைசல், கொள்ளுச் சாறு, ஆஹா". எனக்கு அந்த ஆஹா கிடையாது. நான் களி தின்னது வேற எதுவும் இல்லாததால. அரிசிச் சோறு தீவாளிக்கு, பொங்கலுக்கு, மாரியம்மன் பண்டிகைக்கு. இல்லன்னா யாராவது செத்த பதினாறாம் நாள் காரியத்துல. காலையில கூழு, மத்தியானம் களி, ராத்திரி அதே களியைக் கரைச்சு மோர் ஊத்திக் குடிக்கணும். மோர் இருந்தா.

சேலத்துல ஒரு காலேஜுல சேர்ந்தப்ப அம்மா முதல் நாள் தூக்குல களி உருண்டை போட்டுக் குடுத்தனுப்பினாங்க. ஹாஸ்டல் ரூம்ல மூடியைத் திறந்தேன். ஒரு பையன் எட்டிப் பார்த்து, "இது என்னடா, செவுத்துக்குப் பூசறதா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சேர்ந்து சிரிச்சேன். ராத்திரி கக்கூஸ் பக்கம் போய் அதை வீசிட்டு வந்தேன். அம்மாகிட்ட நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். இதுவும் உணவு உண்டாக்குன நினைவுதான். இதை எந்தப் பகுதியில போடறது?

2008ல கிலோ ஒரு ரூபாய்க்கு அரிசி வந்துச்சு. 2011ல இலவசமாவே குடுத்தாங்க. எங்க தெருவுல களி கிண்டுற வீடு ஒண்ணொண்ணா நின்னு போச்சு. நான் சந்தோஷப்பட்டேன். 2023 மே மாசம் நம்ம தருமபுரி மாவட்டத்துலயும் நீலகிரியிலயும் ரேஷன்ல ரெண்டு கிலோ அரிசிக்குப் பதிலா ரெண்டு கிலோ கேவுரு, அதான் கேழ்வரகு, குடுக்க ஆரம்பிச்சாங்க. வரிசையில நின்னவன் எனக்கு முன்னாடி, "சார், சத்துங்க"ன்னான். அவனுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும்.

இப்ப நெடுஞ்சாலை ஓட்டல்ல களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் விக்கிற விலைக்கு அப்ப எங்க வீட்ல ஒரு மாசம் ஓட்டியிருக்கலாம்.

ஊத்தங்கரை_பஸ் | 6 ஜனவரி, இரவு 11:02

அண்ணே, சிரிக்க வெக்கலாம்னு வந்தேன். விடுங்க, நாளைக்கு வர்றேன்.

தூக்குபோசி | 7 ஜனவரி, காலை 11:30

நான் நர்ஸு. நல்லம்பள்ளி அண்ணன் எழுதினதுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல, அதனால எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

2021 ரெண்டாவது அலையில எனக்குக் கொரோனா வந்துச்சு. வாசனை போயிடுச்சு, அஞ்சு மாசம். அம்மா தினமும் கொள்ளு ரசம் வெச்சுக் கதவுக்கு வெளிய வெப்பாங்க. சுடும், உப்பு தெரியும், புளிப்பு தெரியும், உறைக்கும். அவ்வளவுதான். வெந்நீர்ல மிளகாய்ப்பொடி கலக்கிக் குடிச்ச மாதிரி. நாம ருசின்னு சொல்றதுல பெரும்பங்கு மூக்குதான்னு பாடத்துல படிச்சிருக்கேன், அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு.

கண்ணு, காது பார்க்கிறது கேக்குறதெல்லாம் மூளையில தலாமஸ்னு ஒரு இடத்துல நின்னுதான் மேல போகும். வாசனைக்கு அந்த நிறுத்தம் இல்ல. அது நேரா ஞாபகமும் உணர்ச்சியும் இருக்கிற பகுதிகளுக்குப் போகும். அதனாலதான் ஒரு வாசனை வந்தா, எதுன்னு பேர் சொல்றதுக்கு முன்னாடியே தொண்டை அடைக்குது.

எனக்கு வாசனை திரும்பி வந்தப்ப கோணலா வந்துச்சு. காப்பி கருகின ரப்பர் மாதிரி. வெங்காயம் தாளிச்சா குமட்டும். சரியா வந்த முதல் வாசனை என்ன தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரங்க புளி காய வெச்சிருந்தாங்க, அது. மாடியில போய் அந்தப் புளி பக்கத்துல பதினஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன். அவங்க என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க.

கிளிமூக்கு | 7 ஜனவரி, மாலை 4:44

சந்தூர் பக்கம் மாந்தோப்பு. சாப்பாட்டு நினைவுன்னா எல்லாரும் வீட்டைச் சொல்றீங்க. எனக்கு வீட்டுக்கு வெளிய ஒண்ணு இருக்கு.

பூ விட்ட உடனே அப்பா தோப்பைக் குத்தகைக்கு விட்டுருவாரு. அதுக்கப்புறம் மரம் எங்களுது, காய் வியாபாரியோடது. வியாபாரி காவலுக்கு ஒரு தாத்தாவைப் போட்டிருப்பாரு. நானும் நாலு கூட்டாளிங்களும் எங்க தோப்புலயே, எங்கப்பா நட்ட மரத்துலயே ராத்திரியில திருடணும். செந்தூராதான் முதல்ல பழுக்கும். அந்தத் தாத்தாவுக்கு நாங்க யாருன்னு தெரியும். தூங்குற மாதிரி போர்வையை முகத்துல இழுத்து விட்டுக்குவாரு.

பெங்களூரா, உங்க பக்கம் கிளிமூக்குன்னு சொல்வீங்களே, அது லாரி லாரியா கூழ் ஃபேக்டரிக்குப் போயிடும். அது திங்கிற பழமே இல்லன்னு நாங்க நினைச்சிருந்தோம். கட்டிலுக்கு அடியில வைக்கோல்ல போட்டு ஆயா பழுக்க வெச்சதைத் தின்னப்புறம்தான் தெரிஞ்சுது, நாங்க அதைக் காயாவே அனுப்பிக்கிட்டு இருந்தோம்னு. சித்திரை, வைகாசியில அந்த ரூம்ல படுத்தா தலை கிறுகிறுங்கும், அவ்வளவு வாசனை.

அந்த நாலு பேர்ல மூணு பேர் இப்ப கிருஷ்ணகிரியிலயே இருக்கோம். வருஷா வருஷம் மாங்கனிக் கண்காட்சிக்குச் சேர்ந்து போவோம். அங்க வரிசையா அடுக்கி வெச்சிருக்கிறதைப் பார்த்து, "தாத்தா தூங்கிட்டாராடா?"ன்னு ஒருத்தன் கேப்பான். காசு குடுத்துத்தான் வாங்குறோம். ருசி மட்டும் பாதிதான்.

அரூர்_வாத்தி | 7 ஜனவரி, இரவு 7:15

தமிழ் வாத்தியார் வந்தா நெல்லிக்கனியைத்தான் எடுப்பான்னு நினைப்பீங்க. தகடூர்க்காரன் அதியமான், ஒளவைக்குக் குடுத்த கனி, தருமபுரிக்காரனுக்கு அதை விட்டா வேற பெருமை இல்லாத மாதிரி எல்லா மேடையிலயும் சொல்லியாச்சு.

எனக்கு அதைவிடப் பிடிச்சது புறநானூத்துல 235ஆவது பாட்டு. அதியமான் செத்த பிறகு அதே ஒளவை பாடினது. போரைப் பத்தி அப்புறம்தான் வருது. முதல்ல வர்றது சாப்பாடும் கள்ளும். கொஞ்சமா கள்ளு கிடைச்சா எங்களுக்கே குடுத்துடுவான். நிறைய கிடைச்சா எங்களைப் பாட வெச்சு மிச்சத்தைச் சந்தோஷமா குடிப்பான். சோறு கொஞ்சமோ நிறையவோ, எப்பவும் பல பேர் கலத்தோட உக்காந்துதான் சாப்பிடுவான். எலும்போட கறி இருக்கிற இடமெல்லாம் எங்களுக்கு, அம்பும் வேலும் வர்ற இடமெல்லாம் அவன் நிப்பான். இந்த அடிகள்ல எல்லாம் திரும்பத் திரும்ப 'மன்னே'ன்னு வரும். அதெல்லாம் போச்சேங்கிற பெருமூச்சு.

அதாவது, சிநேகிதன் செத்துட்டான்னா அவன் நாட்டைப் பிடிச்சதா முதல்ல ஞாபகம் வருது? யாருக்கு எந்தத் துண்டு எடுத்து வெச்சாங்கறதுதான் வருது. பத்தாம் வகுப்புப் பசங்களுக்கு இதைச் சொல்லிட்டு, உங்க வீட்ல கறிக்குழம்பு வெச்சா நல்லி எலும்பு யாருக்குப் போகும்னு கேப்பேன். வகுப்பே கத்தும். "அப்பாவுக்கு", "தம்பிக்கு", "எங்க மாமா வந்தா மாமாவுக்கு". இதுவரைக்கும் ஒரு பிள்ளை கூட அம்மாவுக்குன்னு சொன்னதில்ல.

மருமகள்_2009 | 7 ஜனவரி, இரவு 9:58

> இதுவரைக்கும் ஒரு பிள்ளை கூட அம்மாவுக்குன்னு சொன்னதில்ல.

வாத்தியாரே, நல்ல இடத்துல நிறுத்துனீங்க. நான் சொல்ல வந்தது இதுதான்.

கம்பைநல்லூரான் அண்ணா, உங்க பாயில யார் யார் உக்காந்தாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஆயா, அம்மா, அத்தைங்க, பெரியம்மா, குழந்தைங்க. உங்கப்பா எங்க இருந்தாரு?

நான் 2009ல கல்யாணமாகி பாலக்கோட்டுப் பக்கம் வந்தேன். கூட்டுக் குடும்பம், பதினோரு பேர். பொங்கல் சமயத்துல நான், என் ஓரகத்தி ரெண்டு பேர், மாமியார். கொட்டை வாங்குறது ஆம்பளைங்க. உரிச்சு, ஊற வெச்சு, பிதுக்கி, அரைச்சு, கிண்டி, பரிமாறுறது நாங்க. முதல்ல அவங்க சாப்பிடுவாங்க, அப்புறம் குழந்தைங்க. எங்களுக்கு அடிச்சட்டி. சில நாள் பருப்பே இருக்காது, சாறு மட்டும்.

கசப்பா மட்டும் எழுதக் கூடாதுன்னு இதையும் சொல்லிடறேன். அந்த அடிச்சட்டியில சோத்தைப் போட்டுப் பெரட்டி, மூணு பேரும் அதே சட்டியில கை விட்டுச் சாப்பிடுவோம். மாமியார் திண்ணைக்குப் போயிருப்பாங்க. அந்த அரை மணி நேரம் நாங்க சிரிச்ச சிரிப்பு வேற எங்கயும் சிரிச்சதில்ல. இப்ப தனித்தனியா போயிட்டோம். மூத்த ஓரகத்தி எங்க வீட்டுக்கு வந்தா தட்டுல போட்டுக் குடுத்தாலும் எழுந்து போய்ச் சட்டியைத்தான் வழிப்பாங்க.

பரிமாறப்பட்டவங்களுக்கு ஒரு ருசி ஞாபகம் இருக்கு. எங்களுக்கு வேற. ரெண்டும் ஒரே குழம்புல இருந்துதான் வந்துச்சு, அதனால ஒண்ணுதான்னு யாரும் நினைக்காதீங்க.

கம்பைநல்லூரான் | 8 ஜனவரி, காலை 7:03

அப்பா கொல்லையில, அதான் நிலத்துல, இருந்தாருங்க. இல்லன்னா டீக்கடையில. நீங்க கேட்டப்புறம்தான் யோசிக்கிறேன், அவர் அந்தப் பாயில உக்காந்து நான் பார்த்ததே இல்ல.

ஊத்தங்கரை_பஸ் | 8 ஜனவரி, காலை 8:20

எனக்கு ஒரு சந்தேகம். ஒகேனக்கல்ல மீன் வாங்கி அங்க இருக்கிற அக்காங்ககிட்ட குடுத்தா பொரிச்சுக் குழம்பு வெச்சுத் தர்றாங்களே, அது மட்டும் எப்பிடி எல்லாருக்கும் ருசியா இருக்கு? அவங்க யாருக்கும் அம்மா இல்ல, ஆயா இல்ல. பாயும் விரிக்கல.

காவேரிப்பட்டணத்துக்காரி | 8 ஜனவரி, காலை 9:10

எண்ணெய் தேய்ச்சு அருவியில ரெண்டு மணி நேரம் குளிச்சுட்டு வந்தா செருப்பைப் பொரிச்சுக் குடுத்தாலும் தின்னுவே. கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல வண்டியை விட்டு இறங்கி நேராப் போய் மீன் தின்னு பாரு, அங்கதான் மீனோட உண்மையான ருசி தெரியும்.

நெறியாளர் | 8 ஜனவரி, காலை 9:45

ஒகேனக்கல் எதிர் கேஆர்பி டேம் சண்டைக்கு ஏற்கெனவே மூணு இழை இருக்கு. இங்க வேண்டாம்.

நல்லம்பள்ளி_73 | 8 ஜனவரி, இரவு 11:20

அன்னிக்குக் கொஞ்சம் காரமா எழுதிட்டேன். எழுதினது பொய்யில்ல, ஆனா பாதிதான்.

எங்கப்பா பெங்களூர்ல கட்டட வேலை. மழை பொய்ச்ச வருஷம் பாதி ஊர் அங்கதான் இருக்கும். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி வண்டியில வருவாரு. வர்றப்ப ஒரு ரொட்டி பாக்கெட். எங்க ஊர்ல காய்ச்சல் வந்தவனுக்குத்தான் ரொட்டி. அதனால சனிக்கிழமை சாயங்காலம் ஆனா எங்க மூணு பேருக்கும் காய்ச்சல் வந்துடும். அம்மா நெத்தியைத் தொட்டுப் பார்த்து, "ஆமா, கொதிக்குது"ன்னு சொல்லுவாங்க. அப்பா வந்து தொட்டுப் பார்த்து அதையே சொல்லுவாரு. ரொட்டியைப் பாலுல தொட்டுத் தின்னுட்டுப் படுத்தா காலையில சரியாயிடும்.

என் பேத்திக்கு ரொட்டி பிடிக்காது. டோஸ்ட் போட்டாலும் ஓரத்தைப் பிச்சுப் போட்டுடுவா. போன வாரம் அவளுக்கு நிஜமாவே காய்ச்சல். ரொட்டி வாங்கிட்டுப் போனேன். "தாத்தா, கேவுரு தோசை வேணும்"னா.

களி இப்பவும் எனக்கு இறங்காது. ஆனா அம்மா களி கிண்டுறது கண்ணுல இருக்கு. கவட்டைக் குச்சியை ரெண்டு கால்லயும் மிதிச்சுப் பானையை அசையாம பிடிச்சுக்கிட்டு, துடுப்பை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரு சுத்து சுத்துவாங்க பாருங்க. அடுப்புச் சூட்டுல முகம் செவந்து கிடக்கும். அந்தக் களியைத்தான் நான் கக்கூஸ் ஓரமா வீசினேன்.

தூக்குபோசி | 8 ஜனவரி, இரவு 11:41

அண்ணே 🙏

கம்பைநல்லூரான் | 12 ஜனவரி, மாலை 6:30

நாலு நாளா எழுதல. ஒரு போன் பண்ணணும்னு நினைச்சு, பண்ணாம, பண்ணி முடிச்சேன். சொல்றேன்.

"தூக்குபோசி"ங்கிற பேரைப் பார்த்ததும்தான் ஆரம்பிச்சுது. எங்க அப்பாவும் சித்தப்பாவும் நான் ஆறாவது படிக்கிறப்ப பாகம் பிரிச்சுக்கிட்டாங்க. கெணத்துப் பங்குல தகராறு. ஒரே வீட்டுக்கு நடுவுல சுவர் வந்துச்சு. அந்தப் பக்கம் பேச்சு கிடையாது, நல்லது கெட்டது கிடையாது. ஆனா மார்கழியில பிதுக்கம்பருப்பு வெச்ச அன்னிக்கு ஆயா ஒரு தூக்குபோசியில ஊத்தி என் கையில குடுப்பாங்க. "சத்தம் போடாமப் போய் உங்க சின்னம்மாகிட்ட குடுத்துட்டு வா." கொல்லைப்பக்கமா போவேன். சின்னம்மா வாங்கிக்கிட்டு, போசியைக் கழுவாம அதுலயே ரெண்டு கைப்பிடி அவரைக்காயைப் போட்டுக் குடுப்பாங்க. வெறும் போசி திரும்பக் கூடாதாம். அப்பாவுக்குத் தெரியுமா, தெரியாத மாதிரி இருந்தாரான்னு எனக்குத் தெரியல. கிளிமூக்கு எழுதின அந்தக் காவல் தாத்தாவைப் படிச்சப்ப அப்பா ஞாபகம்தான் வந்துச்சு.

ஆயா போனதும் அது நின்னு போச்சு. எங்கம்மா அனுப்பல. அம்மாவைக் குத்தம் சொல்லல, அம்மாவுக்கு அந்தச் சண்டையில பட்டது அதிகம்.

எங்க பங்கு நிலத்துல இப்ப போர்வெல் போட்டுத் தக்காளி. வெலை ஏறினா ஏறும், இறங்கினா பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குக் கொண்டு போற வண்டி வாடகை கூடத் தேறாது. முன்னாடி அங்க மானாவாரிக் கேவுரு. ஆடி, ஆவணியில விதைச்சு, நடுநடுவுல சால் விட்டு அவரையும் துவரையும் போடுவாங்க. கேவுரு அறுத்ததும் அவரை படரும், பனியில பூத்துக் காய்க்கும். அந்தக் கேவுரு போனப்பவே அவரையும் போச்சு. சித்தப்பா மட்டும் இன்னும் போடறாருன்னு பெரியம்மா எப்பவோ சொன்னாங்க.

புதன்கிழமை ராத்திரி போன் போட்டேன். அம்மா காரியத்துக்கு வந்தவருதான், ஆனா அன்னிக்கு ரெண்டு வார்த்தைக்கு மேல பேசல. இப்பவும் அவ்வளவுதான். "அவரைக்காய் இருக்கா சித்தப்பா?" "இருக்கு. எத்தனை கிலோ?" "நாலஞ்சு." "நாலஞ்சு கிலோ காயில என்னடா கொட்டை வரும்? பத்து போட்டு விடுறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை பஸ்." போனை வெச்சுட்டாரு.

காவேரிப்பட்டணத்துக்காரி | 12 ஜனவரி, மாலை 6:52

பத்து கிலோவா! தம்பி, உங்க நகக்கண்ணுக்கு இப்பவே தேங்காயெண்ணெய் தடவி வெச்சுக்கோங்க.

மருமகள்_2009 | 12 ஜனவரி, இரவு 7:15

யார் பிதுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?

கம்பைநல்லூரான் | 19 ஜனவரி, இரவு 9:26

நான்தாங்க பிதுக்கினேன். என் ரெண்டு பசங்களும். வீட்டுக்காரம்மா மேற்பார்வை.

நேத்து காலையில எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துக்குக் கீழ நின்னேன். கண்டக்டர் மூட்டையைத் தூக்கிக் கீழ வெச்சு, "கம்பைநல்லூரா? இருவது ரூபா"ன்னாரு. உரச் சாக்கு. பிரிச்சா காய்க்கு மேல ஒரு துணிப்பை, அதுக்குள்ள கொஞ்சம் நாட்டுத் தக்காளி, கொத்தமல்லி. அது சின்னம்மா வேலையாத்தான் இருக்கும். தக்காளியில பாதி நசுங்கிப் போச்சு.

ஹால்ல பெட்ஷீட் விரிச்சு உக்காந்து உரிச்சோம். சொகடுன்னா என்னன்னு பசங்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்ல, லிஃப்ட்ல வந்த பக்கத்து ஃப்ளாட்டுக் கன்னடத்து அம்மா வாசல்லயே நின்னுட்டாங்க. "நம்ம ஊர் காயா?"ன்னு கேட்டு, கேக்காமலே உக்காந்து அரை மணி நேரம் உரிச்சுக் குடுத்தாங்க. இத்தனை வருஷத்துல அவங்க பேரு இன்னிக்குத்தான் தெரியும்.

காலையில பிதுக்குனோம். சின்னவன் முதல் பருப்பைப் பிதுக்கினதும் அது பறந்து போய் டிவியில பட்டுச்சு. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் அடிக்க ஆரம்பிச்சாங்க. சோஃபாவுக்கு அடியில இன்னும் பருப்பு கிடக்கு. திட்டினேன். எழுந்து போன்னு சொல்லல.

குழம்பு பத்திக் கேப்பீங்க. வாசனை வந்துச்சு, ஓசூரம்மா சொன்னது சரி. பாக்கெட் பருப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆனா அம்மா வெச்சது மாதிரி இல்ல. கொஞ்சம் உப்பு தூக்கல், கசகசா அதிகமாயிடுச்சு போல. பெரியவன் சாப்பிட்டுட்டு, "அப்பா, அடுத்த வாரமும் அடிச்சுக்கலாமா?"ன்னான். குழம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

அடிச்சட்டியை நானும் வீட்டுக்காரம்மாவும் வழிச்சோம். மருமகள் அக்கா, கணக்குல எழுதிக்கோங்க.

இப்ப ஒரே பிரச்சனை. தோல் ஒரு பெரிய குண்டா நெறைய இருக்கு. ஊர்லன்னா மாட்டுத் தொட்டியில கொட்டிடுவோம். இங்க குப்பை வண்டியில போட மனசு வரல. கவர்ல கட்டி ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன், திட்டு விழுது.

மருமகள்_2009 | 19 ஜனவரி, இரவு 9:40

எழுதிட்டேன். பாத்திரம் யார் கழுவினா?

கம்பைநல்லூரான் | 19 ஜனவரி, இரவு 9:44

…ஊறப் போட்டிருக்கு. இதோ போறேன்.

ஊத்தங்கரை_பஸ் | 19 ஜனவரி, இரவு 9:51

தெருவுல மாடு வராதா தம்பி?

கம்பைநல்லூரான் | 19 ஜனவரி, இரவு 10:20

வரும். ஆனா சித்தப்பா எருமை வெச்சிருக்காரு. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ல போலாம்னு இருக்கேன். சின்னம்மாவோட துணிப்பையையும் திருப்பிக் குடுக்கணும்.

காவேரிப்பட்டணத்துக்காரி | 19 ஜனவரி, இரவு 10:24

ஈரத் தோல் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஃபிரிட்ஜ்ல தாங்காது, நாறிடும். பால்கனியில காய வெச்சு எடுத்துட்டுப் போங்க. பையில ஏதாவது போட்டுக் குடுங்க, வெறும் பையா நீட்டாதீங்க.